கறி சுற்றி வந்த காகிதம்

வினிபெக்,
செப்டம்பர் 14

அன்புத் தம்பி கவியோக்குக்கு,

அக்கா நுவியாக் எழுதுகிறேன். நீ, மார்த்தா, பையன்கள் இருவர், குட்டி அம்மா எல்லோரும் சுகம்தானே? நானும் உன் மச்சான் லியோவும் இங்கே சுகம் என்று எழுத வந்தேன். பொய் சொல்வானேன், இருக்கிறோம்.

மூன்று வாரமாக உன் போன் வேலை செய்யவில்லை. எப்போது கூப்பிட்டாலும் ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ மன்னிப்புக் கேட்கிறாள். கண் வைத்தியத்துக்கு வந்த உன் பக்கத்து வீட்டு டொமினிக் அண்ணன் நாளை விமானத்தில் ஊர் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். என்ன ஆயிற்று போனுக்கு?

லியோவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்வது அப்படியே நடக்கிறது. அந்த இயந்திரம் நம் ஊர் அர்வியாட்டில் இல்லாதவரை நாங்கள் இங்கேதான். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. சிறுநீரகம் மாற்றும் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் மனுஷர் சாப்பிடுவதில்லை. போன வாரம் கடையில் மாட்டுக்கறி எடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு இருபத்தொரு டாலர். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரியும் அதையே செய்தாள். இருவரும் சிரித்துக்கொண்டோம். பிறகு மனசு கேட்காமல் போய் வாங்கி வந்தேன். அவர் ஒரு வாய் மென்றுவிட்டு, "இது கறியில்ல நுவியாக், நனைஞ்ச அட்டை" என்றார். இருபத்தொரு டாலர் அட்டை!

பனி விழுந்ததும் நீ காரிபூ மான் வேட்டைக்குப் போவாய் அல்லவா? ஒரு தோளும் கொஞ்சம் விலாவும் வைத்தியத்துக்கு வருகிற யார் பெட்டியிலாவது போட்டு அனுப்பு. அதைத் தவிர அவர் வேறெதையும் தொடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

குட்டி அம்மாவை முகர்ந்து முத்தமிடு. நம் அம்மாவின் பெயரை வைத்திருப்பதால் உனக்கும் எனக்கும் அவள் அம்மாதான். செத்துப்போய் இரண்டு வருஷத்தில் பல்லில்லாத குழந்தையாகத் திரும்பி வந்து மார்த்தாவை மேய்க்கிறாள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. உயிரோடு இருந்தபோதும் மார்த்தாவைத்தான் மேய்த்தாள்.

உன் அக்கா,
நுவியாக்


அர்வியாட்,
அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. டொமினிக் அண்ணன் அதைச் சட்டைக்குள் வைத்து, கண்ணில் கட்டோடு, தடவிக்கொண்டே வந்து கொடுத்தார். நீயும் மச்சானும் நலமாயிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் நலம்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். கடிதமே நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நீ பேசவே விடமாட்டாய்.

கடையில் எனக்கு அதே விலைச்சீட்டு ஒட்டும் வேலை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருதரம் விலை மாறும். இப்போது திங்கள் தவறாமல் பட்டியல் வருகிறது. பழையதைக் கிழிக்க நேரமில்லாமல் அதன் மேலேயே ஒட்டுகிறேன். மாவு மூட்டை இருக்கும் தட்டில் சீட்டு ஏழு அடுக்கு ஆகிவிட்டது. நேற்று எண்ணிப் பார்த்தேன். விலையை நானே படுக்கையில் படுத்து யோசித்து வைப்பதாக ஊரில் நினைப்பு. "ஏய் விலைக்காரா, இன்னிக்கு எதுல கை வச்ச?" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சம்பளத்தின் மேல் சீட்டு ஒட்டத்தான் ஆளில்லை. மூன்று வருஷமாக மணிக்குப் பத்தொன்பது டாலர்.

அம்மா நன்றாகப் பால் குடிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். கவலைப்படாதே. அண்ணன்கள் இருவரையும் ஒரு பார்வையில் அடக்குகிறாள்.

பனி இன்னும் கெட்டிப்படவில்லை. ஏரி உறைந்ததும் போவேன். முதல் தோள் மச்சானுக்கு. அவரிடம் அப்படியே சொல்.

உன் தம்பி,
கவியோக்


வினிபெக்,
அக்டோபர் 31

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமா? எனக்குக் கைகால் கொஞ்சம் வலி, வேறொன்றுமில்லை. உன் கடிதத்தை லியோவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். முதல் தோள் தனக்கு என்றதும் எழுந்து உட்கார்ந்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். உன் எழுத்தைப் பார்த்து, "இவன் எழுத்தெல்லாம் இன்னும் காத்துல குனிஞ்சு நடக்கிற ஆளுங்க மாதிரியே இருக்கு" என்று சிரித்தார். இடது கையால் எழுதாதே என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை அடி வாங்கினாய்! ஒன்றும் பலிக்கவில்லை.

சிரித்தாரே தவிர சாப்பாடு இல்லை. வந்தபோது எழுபத்தொரு கிலோ. இப்போது ஐம்பத்தெட்டு. நேற்று டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். உடம்பில் சத்து இறங்கிக்கொண்டே போகிறதாம். இப்படியே போனால் அறுவையைத் தாங்கமாட்டாராம். பிப்ரவரி முதல் வாரம் பார்ப்பார்களாம். தேறவில்லை என்றால் வரிசையிலிருந்து அவர் பெயரை நிறுத்தி வைத்துவிடுவார்களாம். "எப்படியாவது கறி சாப்பிட வையுங்கள்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

உன்னை அவசரப்படுத்தவில்லை. ஆனாலும் அவசரம்தான்.

உன் அக்கா,
நுவியாக்


அர்வியாட்,
நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம்.

பதில் எழுதத் தாமதம். இந்த வருஷம் எல்லாமே தாமதம். பனிவண்டியின் பெல்ட் அறுந்து, புதுசுக்கு இருநூற்று முப்பது கொடுத்தேன். பெட்ரோல் விலையைக் கேட்காதே. ஒருதரம் போய்வந்தேன், ஒன்றும் சரியாக அமையவில்லை. மந்தை உள்ளே தள்ளிப் போய்விட்டது என்கிறார்கள்.

மச்சானை மீனாவது சாப்பிடச் சொல்.

கடையில் வேலை அதிகமில்லை. மார்த்தா உன்னைக் கேட்டாள்.

உன் தம்பி,
கவியோக்


வினிபெக்,
டிசம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததால் மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா?

டொமினிக் அண்ணன் மறுபடி கண் காட்ட வந்திருக்கிறார். ஒரு வேடிக்கை கேள். "உன் தம்பி வீட்டுப் பின்னால மூணு தோல் காயுது நுவியாக். ஆனா ஊர் ரேடியோவுல ஒரு வார்த்தை வரல. எனக்கு ஒரு துண்டும் வரல" என்கிறார். நான் சிரித்துவிட்டேன். "முதல்ல அந்தக் கண்ணை ஒழுங்கா காட்டுங்க அண்ணே, போன வருஷத்துத் தோலா இருக்கும்" என்றேன். வேட்டை அமைந்தால் நீ ரேடியோவில் சொல்லாமல் இருப்பாயா? "கறி இருக்கு, கத்தியோட வாங்க" என்று அப்பா கத்துவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் கத்துகிற கத்தலுக்கு ரேடியோவே தேவையில்லை.

லியோ ஐம்பத்தைந்து கிலோ. இனிப் பொறுக்க முடியாது. ரேங்கின் ஊரில் பீட்டர் என்று ஒருவன் இன்டர்நெட்டில் காரிபூ விற்கிறானாம். வேட்டைக்காரர்களிடம் வாங்கி, பெட்டி போட்டு விமானத்தில் அனுப்புகிறான். ஒரு பெட்டி, சரக்குக் கட்டணம் சேர்த்து, நானூற்று நாற்பது டாலர். கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன், அனுப்பிவிட்டேன். காரிபூவுக்குக் காசு கொடுப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அப்பா இருந்திருந்தால் விற்றவன் முகத்திலும் விழித்திருக்கமாட்டார், வாங்கியவள் முகத்திலும் விழித்திருக்கமாட்டார். அடித்த ஆள் யாரென்று கேட்டேன். பீட்டர் சொல்லமாட்டேன் என்கிறான். அவனுக்கும் வீட்டில் என்ன கஷ்டமோ.

குட்டி அம்மாவுக்குப் பல் வந்துவிட்டதா?

உன் அக்கா,
நுவியாக்


அர்வியாட்,
டிசம்பர் 19

அக்காவுக்கு,

நலம். நலமாயிருக்க வேண்டும்.

அந்த பீட்டரிடம் வாங்காதே. காசு அனுப்பியிருந்தால் திருப்பிக் கேள். கறி பழசாக இருக்கும், யார் அடித்ததோ என்னவோ. இரண்டு வாரம் பொறு, நானே எப்படியாவது அனுப்புகிறேன். இந்தக் கடிதம் போனதும் அவனுக்குப் போன் போடு.

நானூற்று நாற்பதா? சரியாகத்தான் எழுதினாயா?

கவியோக்


வினிபெக்,
ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உங்கள் எல்லோருக்கும் நல்லபடி பிறந்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் விடுமுறை, பனிப்புயல் எல்லாவற்றிலும் மாட்டி நேற்றுத்தான் கைக்கு வந்தது. பெட்டி அதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிட்டது. கறி பழசில்லை. நன்றாக உறைந்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியே காகிதம் சுற்றி, சுத்தமாக வெட்டியிருந்தது. எலும்புப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா வெட்டுவதுபோல.

பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். நோயாளிகள் விடுதியில் இருக்கிற நம் பக்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டேன். நானூற்று நாற்பது டாலர் கறியை ஊருக்குக் கொடுக்கிறாயே என்று நீ நினைக்கலாம். தனியாகச் சாப்பிடச் சொன்னால் லியோ தொடமாட்டார், உனக்குத் தெரியும். தரையில் அட்டை விரித்து, உறைந்த தோளை அப்படியே பச்சையாகச் சீவிச் சீவி, வந்த பதினோரு பேரோடு சாப்பிட்டோம். லியோ கையைத் துடைக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டு அங்கேயே சாய்ந்து தூங்கினார்.

தொடங்கும் முன் வழக்கம்போலக் கேட்டார்கள்: "யாரு அடிச்சது?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் தம்பி கவியோக்" என்றேன். பதினோரு பேரும் உனக்கு நன்றி சொன்னார்கள். பேக்கர் லேக்கிலிருந்து வந்திருக்கிற ஒருவர், ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காமல் அன்றுதான் எழுந்து வந்தவர், உன் கைக்குக் குறையே வரக்கூடாது என்று உனக்காக ஜபம் செய்தார். நான் சொன்னது தப்பென்றால் எழுது, அவர்களிடம் திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

எழுதுகிற தாள் தீர்ந்துவிட்டது. கறி சுற்றி வந்த காகிதத்தைத் துடைத்துக் காயவைத்து அதில்தான் எழுதுகிறேன். மறுபக்கம் 'இடது தோள்' என்று நம் எழுத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுத்தெல்லாம் காற்றில் குனிந்து நடக்கிற ஆட்கள் மாதிரி இருக்கிறது.

உன் அக்கா,
நுவியாக்


வினிபெக்,
பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

சுகமா? மார்த்தா சுகமா? பிள்ளைகள்? நாலு வாரமாகப் பதில் இல்லை.

லியோ அறுபது கிலோ. போன செவ்வாய் டாக்டர்கள் பார்த்தார்கள். வரிசையில் பெயர் அப்படியே இருக்கும் என்றார்கள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உனக்கு எழுத ஒன்றும் இல்லையென்றால் குட்டி அம்மாவுக்குப் பல் வந்ததா என்று மட்டும் எழுது. இரண்டாம் முறை கேட்கிறேன்.

அக்கா


அர்வியாட்,
பிப்ரவரி 22

அக்காவுக்கு,

மச்சான் அறுபது கிலோ என்றதை வாசித்து மார்த்தா அழுதாள். நானும்தான். அம்மாவுக்கு நாலு பல் வந்துவிட்டது. எல்லோரும் நலம்.

உன் காகிதம் ஜனவரி கடைசியில் வந்தது. வாசித்துவிட்டுத் திருப்பினேன். என் கையெழுத்தை நானே அப்படிப் பார்த்ததில்லை. அன்று வேலைக்குப் போகவில்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மார்த்தா பக்கத்தில் நிற்கிறாள், விட்டால் இவளே எழுதிவிடுவாள்.

போன் தண்ணீரில் விழவில்லை. பணம் கட்ட முடியாமல் நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டில் கடையில் என் வேலையை வாரம் நாற்பது மணியிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்தார்கள். விற்பனை குறைகிறதாம். விலை ஏறினால் வாங்கமாட்டார்கள், வாங்காவிட்டால் என் மணி குறையும். அந்த விலையை ஒட்டுகிறவனும் நான்தான். என் பிழைப்பின் மேல் நானே சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், அக்கா.

அம்மா நன்றாகப் பால் குடிக்கிறாள் என்று எழுதினேன். குடிக்கிறாள். ஆனால் மார்த்தாவுக்குப் பால் நின்று போய், பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து டின் பால்மாவு. ஒரு டின் எழுபத்தெட்டு டாலர். ஆறு நாளைக்கு வரும். அதிலும் என் கையாலேயே மூன்று தரம் விலை மாற்றினேன். மூன்றாம் தரம் மாற்றிய அன்று அந்தத் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் வந்து, "என்னய்யா, உடம்பு முடியலையா?" என்றார். கால் வலி என்றேன். மார்த்தா அளவைக் குறைத்துக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அம்மா ராத்திரியெல்லாம் கத்தினாள். பெயர்தான் அம்மா, பசித்தால் குழந்தைதானே.

நவம்பரில் மந்தை கிடைத்தது. மூன்று அடித்தேன். டொமினிக் அண்ணன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் தோள் மச்சானுக்கு என்று நினைத்துக்கொண்டேதான் தோலை உரித்தேன். வீட்டுக்கு வந்தால் டின் காலி. பீட்டர் ஒன்றுக்கு நூற்றைம்பது தருவதாகச் சொல்லியிருந்தான். முழுசாகக் கொடுத்தால்தான் எடுப்பான், தோள் இல்லாமல் எடுக்கமாட்டான். வெட்டிச் சுற்றி, மார்த்தாவுக்குக்கூட நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த விமானத்தில் ரேங்கினுக்கு ஏற்றிவிட்டேன். விமானத்தில் ஏற்றினதும் அடுத்த வாரமே போய் மச்சானுக்கு அடிக்கலாம் என்று நினைத்தேன். பெட்ரோலுக்குக் காசில்லை.

ரேடியோவில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பனிவண்டிச் சத்தம் கேட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார்கள். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

நீ வாங்கினது என் கறியாக இருக்குமோ என்று உன் டிசம்பர் கடிதத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் வாங்காதே என்று அப்படிக் கிறுக்கினேன். பீட்டர் எனக்குக் கொடுத்தது நூற்றைம்பது. உன்னிடம் வாங்கினது நானூற்று நாற்பது. அதுகூடப் பரவாயில்லை அக்கா. மச்சான் ஐம்பத்தைந்து கிலோவுக்கு இறங்கும்வரை நீ காசு சேர்த்து என்னிடமே வாங்கியிருக்கிறாய். உன் காகிதத்தை மார்த்தாவிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் வாசித்தாள். பிறகு, "உங்க அக்கா காசுலதான் உங்க அம்மா பால் குடிச்சிருக்கா" என்றாள்.

நீ பதினோரு பேரிடம் சொன்னதைத் திருத்தவேண்டுமா என்று கேட்டாய். அடித்தது நான்தான். கொடுத்தது நான் இல்லை. அந்த பேக்கர் லேக் மனிதரிடம் அதை மட்டும் சொல்லிவிடு. ஜபத்தை ஏமாற்றி வாங்கினவனாக இருக்க முடியவில்லை.

கவியோக்


வினிபெக்,
மார்ச் 6

தம்பிக்கு,

சுகம் கேட்க இன்று மனசில்லை. கோபமாக இருக்கிறேன்.

கறிக்காக இல்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் நானும் விற்றிருப்பேன். அப்பாவேகூட, அம்மா பசியில் கத்தினால், ரேடியோவை அணைத்துவிட்டு விற்றிருப்பார். உன் வாய்க்காகத்தான் கோபம். இங்கே மூலைக் கடையில் அதே பால்மாவு டின் முப்பத்தொன்பது டாலர். உனக்கு எழுபத்தெட்டு. ஒரு வார்த்தை, கவியோக்! 'அம்மாவுக்குப் பால் இல்லை' என்று ஒரே ஒரு வரி! மாதம் இரண்டு பேர் இங்கிருந்து அர்வியாட்டுக்கு வெறும் பெட்டியோடு திரும்புகிறார்கள். நான் அதில் மிட்டாய் போட்டுக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன். மிட்டாய்!

சரி, என் வாயும் லேசுப்பட்டதில்லை. 'சேர்த்து வைத்த காசு' என்று எழுதினேனே, அப்படி ஒன்றும் இல்லை. செப்டம்பரிலிருந்து ஒரு ஓட்டலில் துணி துவைக்கும் வேலைக்குப் போகிறேன். கைகால் வலி அதனால்தான். மதியம் லியோ இயந்திரத்தில் படுத்திருக்கும் நேரத்தில் போய்த் துண்டு மடிக்கிறேன். அவரிடம் காலாற நடக்கப் போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி ஆறு வாரம் துண்டு மடித்த காசு. உன்னிடம் சொன்னால் அக்காவை வேலைக்கு அனுப்பிவிட்டோமே என்று தவிப்பாய் என்று சொல்லவில்லை. பார், நீ வாயைத் திறக்காததற்கும் காரணம் இதேதான். ஒரே வீட்டில் வளர்ந்தோம், வேறென்ன வரும்.

பேக்கர் லேக்காரரிடம் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "கொழந்தை பால் குடிச்சுதா?" என்று கேட்டார். குடித்தது என்றேன். "அப்ப சரி. ஜபம் ஜபம்தான், அதைத் திருப்பி வாங்கமாட்டேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

மறுபடி கண் காட்ட வந்திருக்கும் டொமினிக் அண்ணன் திங்களன்று ஊருக்குத் திரும்புகிறார். அவர் பெட்டியில் எட்டு டின் வைத்திருக்கிறேன். மாதாமாதம் வரும். அதற்குக் காசு என்று ஏதாவது எழுதினாயானால் அடுத்த விமானத்தில் நானே வந்து உதைப்பேன். அவளுக்கு நீ மட்டும் பிள்ளையில்லை.

பால்மாவுக் காசு மிச்சமாகுமே, அதில் பெட்ரோல் போடு. லியோவுக்கு மறுபடி இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஐம்பத்தொன்பது.

அக்கா


அர்வியாட்,
மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் நலமாயிருக்க வேண்டும். நாங்கள் நலம். அம்மா எட்டு டின்னையும் தரையில் அடுக்கித் தட்டிவிட்டு விளையாடுகிறாள். தூங்குகிறாள். உதைக்கவாவது ஒருதரம் வந்து போ.

பெட்ரோல் போட்டுப் போனேன். இரண்டு கிடைத்தது. ஒன்று ஊருக்கும் உங்களுக்கும். இன்னொன்றை விற்றுவிட்டேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை. மாவும் சர்க்கரையும் நீ அனுப்ப முடியாது, வாரம் இருபத்திரண்டு மணி சம்பளத்தில் நானும் வாங்க முடியாது. இனியும் விற்பேன். ஆனால் பீட்டரிடம் சொல்லிவிட்டேன், நான் கொடுக்கிற கறியில் என் பெயரைப் போட்டுத்தான் விற்கவேண்டும் என்று. "ஜனங்க உன்னைத் திட்டுவாங்கப்பா" என்றான். திட்டட்டும், வீட்டு விலாசம் தெரிந்து திட்டட்டும் என்றேன்.

பக்கத்து வீட்டுப் போனில் ரேடியோவுக்குக் கூப்பிட்டும் சொன்னேன். "கவியோக் பேசறேன். வீட்டுல கறி இருக்கு, கத்தியோட வாங்க. ரெண்டு அடிச்சேன், ஒண்ணை வித்துட்டேன். நவம்பர்ல மூணு அடிச்சு மூணையும் வித்தேன், உங்ககிட்ட சொல்லல." சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு யாரோ ஒருத்தி கூப்பிட்டு, "விலைக்காரா, இன்னிக்கு எடுக்கப்போற கறியில சீட்டு எதுவும் ஒட்டலையே?" என்றாள். ரேடியோக்காரன் சிரித்ததை ஊரே கேட்டது. பதினைந்து பேர் வந்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை. வராதவர்கள் வாசலில் மார்த்தா கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். டொமினிக் அண்ணன் முதல் ஆளாக வந்து, "இப்ப நல்லா தெரியுது" என்று தன் கண்ணைத் தட்டிக்காட்டிவிட்டுப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

அவர் செவ்வாயன்று கடைசிப் பரிசோதனைக்கு வருகிறார். நீ டின் வைத்து அனுப்பின அதே பெட்டியில் கறி வருகிறது. இரண்டு தோள், விலா, நாக்கு. நாக்கு பேக்கர் லேக்காரருக்கு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் துண்டின் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறேன். யார் அடித்தது என்று கேட்டால் நீ சொல்லவேண்டாம், மச்சானை வாசிக்கச் சொல்.

உன் தம்பி,
கவியோக்